இபு சொல்லாமல் ஆறிய தேநீர்

ஞாயிறு பூசை முடிந்து, சிசிலியில் வியா மக்வேதாத் தெருவில் என் மசாலாக் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மனைவி ஜெசிந்தா போனும் கையுமாக வந்து, "இபு செத்துப்போனாவாம்" என்றாள். "சும்மா கதையாதை, நாளைக்கு வகுப்பெல்லோ" என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

இந்தோனேசியாவில் ஆசிரியையை 'இபு' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் இபு லெஸ்தாரி என்னைவிட இளையவர். சிசிலிக்காரரைக் கட்டிவந்து, அல்பெர்கேரியாப் பகுதியில் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் தன் மொழியைச் சொல்லித்தந்தார். என்னோடு படித்த உங்களில் பாதிப்பேர் பாலி பார்க்கப் போகவென்று படித்தீர்கள். நான் போனது வியாபாரத்துக்கு. சுரபாயாக் கராம்பை மிலான் தரகரிடம் வாங்கி அலுத்துவிட்டது. தரகரை இடையிலிருந்து வெட்ட மொழி வேண்டும்.

"விலை பேசுகிற வசனங்களை மட்டும் தாருங்கள்" என்று முதல் நாளே கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசையில் தேநீரை வைத்து, "இது என் வீடு. நீங்கள் விருந்தாளி. கதவைத் தட்டுங்கள்" என்றார். தட்டினேன், இருந்தேன், குடித்தேன். கோப்பையைப் பறித்துவிட்டார்! வீட்டுக்காரர் 'சிலாக்கன்', அதாவது எடுத்துக்கொள்ளுங்கள், என்று சொல்லும்வரை ஜாவாவில் விருந்தாளி தொடமாட்டாராம். மறுபடியும் வெளியே போகச் சொன்னார். மறுபடியும் என் கை முந்தியது.

"பொறுங்கோப்பா! வீட்டிலை தேத்தண்ணி காட்டாத மாதிரி!" என்று, என்னோடு படிக்க வந்து பின்வரிசையில் இருந்த ஜெசிந்தா கத்தினாள். இபு அந்தத் தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கண்டாலே, இத்தாலிய 'ஐயா'வையும் சேர்த்து, "பொறுங்கோ, சிஞ்ஞோரே" தான்.

இபு சாவதற்கு முந்தின கிழமை சுரபாயா வியாபாரியே கடைக்கு வந்தார். அவர் தலையாட்டினால் கராம்பு நேரே வரும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் தரகர்தான். தேநீரை வைத்த கையோடு விலைப் பேச்சுக்குப் போனேன். மனிதர் சிரித்தார், குடிக்கவில்லை. கோப்பி வைத்தேன். தோடம்பழச் சாறு வைத்தேன். சிரிப்பு மட்டும்தான்.

"நஞ்செண்டு நினைக்கிறாரோ?" என்று ஜெசிந்தா காதுக்குள் கேட்டாள்.

உள்ளே ஓடி இபுவுக்குப் போன் எடுத்தேன். "அந்தச் சொல்லைச் சொன்னீர்களா?" என்றார். திரும்பி ஓடிவந்து சொன்னேன். மனிதர் மூன்றையும் குடித்துமுடித்துத்தான் விலை பேசினார். தலையும் ஆட்டினார்.

போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது இபு விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களை எப்போதும் விருந்தாளியாகவே வைத்திருந்துவிட்டேன். அடுத்த வகுப்பில் நீங்கள்தான் வீட்டுக்காரர்" என்றார்.

அந்த வகுப்புத்தான் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்து கால்சாப் பகுதியில் இபுவின் வீட்டில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? கணவர் தேநீர் வைத்தார். ஒருவரும் தொடவில்லை. அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வது எப்போதும் இபுதான். பாவம், கணவர் பதறிப்போய், "சீனி கூடிவிட்டதா? கோப்பி போடட்டுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். நான் எழுந்து, "சிலாக்கன்" என்றேன். எல்லோரும் கோப்பையை எடுத்தீர்கள். அதுதான் என் வீட்டுக்காரர் பாடம்.

இப்போது என் கடையில் முதலில் கோப்பை, பிறகு அந்தச் சொல், அதற்குப் பிறகுதான் விலை. அவசரத்தில் வாய் முந்தும்போது ஒரு குரல் தடுக்கிறது. ஜெசிந்தாவின் சொல்தான். ஆனால் குரல் அவளுடையதல்ல: "பொறுங்கோ, சிஞ்ஞோரே."