நட்டதா, தானா மொளைச்சதா?

றக்வான பஸ் நிலையத்தில் நிருஷா ஒற்றைக் காலில் நிற்கிறாள். கழற்றிய சப்பாத்தைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய பல் பிரஷ்ஷால் அதன் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். இரத்தினபுரி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. "நகின்ன நங்கி, நகின்ன!" என்று ஏறச் சொல்லிக் கத்துகிறான் கொண்டக்டர். "பொட்டக் இன்ன" என்று அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மற்றச் சப்பாத்தைக் கழற்றுகிறாள். சுரண்டிய மண்ணைக் கீழே உதறுவதும் இல்லை. அதற்கென்று ஒரு வெற்றுத் தைல டப்பா கைப்பையில் இருக்கிறது. மண்ணை அதில் போட்டு இறுக்கி மூடிய பிறகுதான் படியில் கால் வைப்பாள்.

"மலையில ஒட்டுன வெதையக் கொண்டாந்து டவுன்ல எறக்கக்கூடாது அங்கிள்" என்பாள். டவுனில் கிடக்கிற குப்பையைப் பார், இந்தத் துளி மண்ணா பெரிது என்று ஒருநாள் கேட்டேன். "குப்பை மொளைக்காதே அங்கிள்" என்றாள்.

வேலை அவளுக்கு இரத்தினபுரியில், ஓர் அரசாங்க அலுவலகத்தில். வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்படும் செடிகள் இந்த மண்ணில் அழகோடு நிற்குமா, இல்லை களையாகப் பெருகிக் காட்டையும் ஓடையையும் விழுங்குமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிற வேலை. சோதிடம் மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்திருக்கிறேன். சோதிடருக்கு இவ்வளவு அலைச்சல் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. கழுத்தில் செபமாலை, அதோடு உரசிக்கொண்டு ஒரு சிறிய பூதக்கண்ணாடி, தோளில் குடை. முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். கோயிலில் ஒரு கலியாணம் முடிந்து வெளியே வருகிறவளிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் விழிப்பாள். பீடத்தில் வைத்திருந்த இலை எந்த நாட்டுச் செடியுடையது என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள்.

வீடுகளுக்குப் போனாலும் அப்படித்தான். எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி வரிசையாகச் சட்டி வைத்துப் பூ வளர்க்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள். நிருஷா நேரே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானுக்குப் போவாள். "முன்னுக்கு என்னா நட்டிருக்கீங்கன்னு எனக்கு வேணாம். பின்னுக்குக் கான்ல என்னா மொளைச்சிருக்குன்னு பாத்தா போதும்." ஏதாவது பச்சையாகத் தலை நீட்டியிருந்தால் உடனே ஒரு கேள்வி: "இது நட்டதா, தானா மொளைச்சதா?" இந்தக் கேள்வி ஊரில் பிரசித்தம். கொண்டக்டருக்குக்கூடத் தமிழில் இதுமட்டும் மனப்பாடம். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் கேட்டுச் சிரிப்பான்.

அவளுடைய அப்பா ரொபர்ட்டும் நானும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நான் டவுனில் கடை போட இறங்கிவிட்டேன். அவர் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. யாரோ ஒரு துரை போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு சட்டியிலிருந்து ரொபர்ட் ஒரு கொப்பு ஒடித்து வந்து லயத்து வாசலில் நட்டார். இலை மேலே கரும்பச்சை, கீழே ஊதா. றோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ. பெயர் யாருக்கும் தெரியாது. பங்களாவிலிருந்து வந்ததால் பங்களாப்பூ. அந்தப் பூவால் அவரும் பூக்கார ரொபர்ட் ஆனார். மாதா சிலை நிற்கும் கெபியைச் சுற்றி அவர் நட்ட பங்களாப்பூவைப் பார்க்கவே மே மாதத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த மாதத்தில் ரொபர்ட்டின் நடையே வேறு.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். லயத்திலிருந்து ஒரு பெண் கலியாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனால், ஒரு பால்மா டின்னில் வேர்பிடித்த பங்களாப்பூக் கொப்பு ஒன்று கொடுப்பார். வேன் புறப்படும்போது கடைசியாக ஏறுவது அந்த டின்தான். இந்துவோ கிறிஸ்தவமோ, ரொபர்ட் மாமாவின் டின் இல்லாமல் ஒரு பெண்ணும் போனதில்லை. நிவித்திகல பக்கம், தெஹியோவிட்ட பக்கம் என்று எங்கெங்கே பெண் கொடுத்தோமோ அங்கெல்லாம் அந்தப் பூவும் குடிபோனது.

சென்ற வருடம் நிருஷாவின் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஹோட்டல் தோட்டங்களை அழகுபடுத்தும் ஒரு கம்பெனி, வெளிநாட்டிலிருந்து ஒரு செடியை ஆயிரக்கணக்கில் கொண்டுவர அனுமதி கேட்டிருந்தது. வாயில் நுழையாத லத்தீன் பெயர். படத்தைப் பார்த்தவளுக்கு மேற்கொண்டு படிக்கவே தேவைப்படவில்லை. அது அப்பாவின் பங்களாப்பூ.

இந்த மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. பறவை தின்று பரப்புமா, வெட்டிப்போட்ட துண்டு தளிர்க்குமா, நிழலிலும் வளருமா என்று வரிசையாகக் கேட்கும். ஆம், இல்லை, தெரியாது என்று பதில் எழுதலாம். ஆம்கள் கூடக்கூடச் செடி ஆபத்தானது என்று அர்த்தம். ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் அனுமதி இல்லை. நாட்டுக்குள் ஏற்கனவே நிற்பதையும் தேடிப் பிடுங்க வேண்டும். புத்தகங்களைப் பார்த்தால் அந்தச் செடி இந்த நாட்டில் கிடையாது. இருப்பது அவளுக்கும், அவள் அப்பாவுக்கும், கலியாணமாகிப் போன பெண்களுக்கும்தான் தெரியும்.

அவளுடைய மேலதிகாரி ஸப்ரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "ஒங்களுக்கு ஏலாட்டி சொல்லுங்க, வேற ஆளுக்குக் குடுப்பம்" என்றிருக்கிறார். "வேற ஆளுன்னா புத்தகத்தத்தான் பாப்பாங்க சேர். புத்தகத்துல இல்லன்னுதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளே எடுத்துக்கொண்டாள்.

முதலில் அப்பாவிடம் கேட்டாள், எதற்கென்று சொல்லாமல். "காயா? அது காய்க்காத பூ, புள்ள. இத்தன வருசத்துல ஒரு காய் கண்டதில்ல" என்றார் ரொபர்ட். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. காய் காணாததற்குக் காரணம் அவருடைய கைதான். பங்களாவில் வாடிய பூ துரைசாணியின் கண்ணில் படக்கூடாது. பூ சோரத் தொடங்கியதும் கொத்தோடு கிள்ளிவிட வேண்டும். பென்சன் வாங்கிய பிறகும் ரொபர்ட் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்த வேலையைத்தான். கெபியைச் சுற்றியும் அப்படியே. காய் வைக்க அந்தச் செடிக்கு அவர் ஒருநாளும் அவகாசம் கொடுத்ததில்லை.

பிறகு நிருஷா பெண்களுக்கு வட்ஸ்அப்பில் கேட்டாள்: அப்பா குடுத்த பூ எப்படி இருக்கு? ரொபர்ட் மாமா விசாரிக்கிறார் என்று நினைத்து ஆளுக்கு ஆள் குரலும் படமுமாக அனுப்பினார்கள். நிவித்திகல பக்கம் வாழ்க்கைப்பட்ட கிருஷ்ணகுமாரியின் குரலை நிருஷா எனக்குப் போட்டுக் காட்டினாள். "ஐயோ அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க, தண்ணி ஒருநாளும் ஊத்துனதில்ல. தானாவே பெருத்து நாங்க தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல காட்டுக்குள்ள பூராவும் போயிருச்சு. காய் கருத்தா கொண்டகுருல்லாக் குருவி கூட்டமா வந்து தின்னுது, பாத்துகிட்டே இருக்கலாம். பீலியில தண்ணிதான் முந்தி மாதிரி வர்றதில்ல, அது வெயிலுக்கு." தெஹியோவிட்டவிலிருந்து இன்னொருத்தி: "றப்பர் மலையில புல்லு வெட்டுறவங்க வெட்டிப் போட்டுட்டாங்க அக்கா. அழுதுட்டேன். பாத்தா, வெட்டிப்போட்ட கொப்பெல்லாம் தளிர்த்துருச்சு! எல்லாம் மாமா கைராசி."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நிருஷா சிரிக்கவில்லை. பறவை தின்கிறது: ஆம். தானாகப் பரவுகிறது: ஆம். காட்டு நிழலில் வளர்கிறது: ஆம். துண்டு தளிர்க்கிறது: ஆம். ரொபர்ட் மாமாவைப் புகழ்ந்து அந்தப் பெண்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒரு ஆம்.

குரலை மட்டும் நம்பி எழுதுகிறவள் இல்லை. லீவு போட்டுக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தாள். நிவித்திகலையிலிருந்து திரும்பிய அன்று என் கடைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பீலிக்குத் தண்ணீர் வரும் ஓடை தெரியவே இல்லையாம். பங்களாப்பூ மூடிக் கிடக்கிறதாம். கீழே வேறொரு கன்றும் இல்லையாம்.

"தெரியாதுன்னு போட்டா அது பொய்யா அங்கிள்? அதுக்கும் பேப்பர்லயே எடம் இருக்கே."

"போட்டுவிடு" என்றேன். ரொபர்ட் இருக்கும்வரை அந்தப் பூவும் இருந்துவிட்டுப் போகட்டும், கொஞ்ச வருடத்தில் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன். இன்று கேட்டாலும் அவரை நினைத்து அதையேதான் சொல்வேன்.

"நான்தான் பாத்துட்டு வந்துட்டேனே" என்று எழுந்து போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பியும் விட்டாள். கம்பெனிக்கு அனுமதி வேண்டாம். நாட்டில் நிற்பதை வேரோடு எடுக்க வேண்டும். முதலில் றக்வானவுக்கு மேலே உள்ள தோட்டத்தில், ரொபர்ட் என்பவருடைய வீட்டு வாசலிலும் கெபியடியிலும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் அப்பாவும் மகளும்தான். அவள் அடுப்பில் விறகு தள்ளிக் கேத்தலை வைத்துவிட்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

ரொபர்ட்டின் முகம் சிவந்தது. "எந்தச் செடியையோ பாத்துட்டு வந்து என் பூவுங்கிறியா? காய்க்காத பூவுக்கு ஏது வெத? ஊரெல்லாம் என்னயப் பாத்துச் சிரிக்கவா இவ்வளவு படிச்ச?"

எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. வயதான மனிதரை இப்படியா நிறுத்துவது? நிருஷா உள்ளே போய், இரண்டு பைக்குள் பொதிந்து கட்டிய ஒரு கொப்பைக் கொண்டுவந்தாள். மேசையில் பேப்பரை விரித்து அதன்மேல் வைத்தாள். ஒரே கொப்பில் றோஸ் நிறப் பூவும், கறுத்துப் பழுத்த சிறு காய்களும். ரொபர்ட் இலையைத் திருப்பிப் பார்த்தார். ஊதா. மறுபடியும் திருப்பினார்.

"எவ வீட்டுல?"

"கிருஷ்ணகுமாரி வீட்டு வாசல்லருந்து போனது. இது அவங்க பீலிக்கு மேல ஒடிச்சேன் அப்பா."

"அவ பூவக் கிள்ளலியா?"

"நாளெல்லாம் மலையில கொழுந்து கிள்ளிட்டு வாறவ, வீட்டுல வந்து பூவ வேற கிள்ளுவாளா அப்பா?"

எத்தனை பெண்களுக்கு டின் கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, உதடு மட்டும் அசைந்தது. பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிறகு ஒரு காயைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கினார். கசகசா மாதிரிப் பொடி விதை, சாற்றோடு சாறாகக் கையெல்லாம் பரவியது. நிருஷா பூதக்கண்ணாடியை நீட்டினாள். அவருக்கு அது தேவைப்படவில்லை.

கையை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்தார். மூடிய கைக்கு அடியில் மற்றக் கையை ஏந்திப் பிடித்தபடி, ஒன்றும் கீழே சிந்திவிடாமல், மெல்ல நடந்து சமையலறைக்குப் போனார். நிருஷா அவருக்கு முன்னால் ஓடி, கொதிக்கத் தொடங்கியிருந்த கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பை அவருக்கு விட்டு ஒதுங்கி நின்றாள்.