கண்ணை மூடாத பிள்ளை

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சிறு நகரத்துப் பள்ளியில் காலை வகுப்பு பாடத்தோடு தொடங்குவதில்லை. ஆசிரியை ஒரு பித்தளைக் கிண்ணத்தைச் சின்னக் கட்டையால் தட்டுவார். அந்த ஓசை அடங்கும் வரை பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும். ‘ஷ்டில்லே’ என்கிறார்கள், மௌனம். தங்கநிறத் தலைமுடிப் பிள்ளைகளெல்லாம் சாமியார்களைப் போல உட்கார்ந்திருக்க, என் மகள் யாழினி மட்டும் கண்ணைத் திறந்து திறந்து அக்கம்பக்கம் பார்க்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“நீங்கள் இந்தியர்கள். தியானம் உங்கள் வீட்டில் தினமும் இருக்குமே?” என்று ஆசிரியை கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில், ‘முயற்சி செய்கிறோம்’ என்று சொல்ல நினைத்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்படியும் பிள்ளை அடங்கவில்லையென்றால் கோளாறு பெரிதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். கவனக்குறைவு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், இதே வகுப்பில் இன்னொரு வருடம் வைக்க வேண்டியிருக்கும் என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தவர் அப்பா ஒருவர்தான். அதுவும் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் ஷிஃப்ட் முடித்து லோக்கல் ரயிலில் வரும்போது. அது தியானம் இல்லை, தூக்கம்.

எங்கள் ஜெர்மன் நகரத்தில் யோகா சொல்லித்தரும் ஒரு பெண்மணி யாழினியைப் பார்த்ததும் ‘வாட்டா’ என்றார். நம் வாதத்தைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. ஒல்லி உடம்பு, சில்லிட்ட கை, ஓயாத கால்; வாத உடம்புக்காரி, அதனால்தான் நிலைகொள்ளவில்லை என்றார். சொன்னபடியே நல்லெண்ணெய் தேய்த்தேன், சூடாகச் சமைத்துப் போட்டேன். பிள்ளை கொஞ்சம் சதை போட்டாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தியான வகுப்பு நடக்கிறதென்று என் அண்ணி இவளையும் கூட்டிப்போனாள். திரும்பி வந்து, “ஆட்டம் போடலம்மா இது. கண்ண மூடச் சொன்னா கொயந்த பயந்துக்குது” என்றாள். மறுநாள் தனக்குத் தெரிந்த ஆயுர்வேத டாக்டரிடம் எங்களை அழைத்துப்போனாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன கிளினிக். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று என்னிடம் விசாரித்தார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ எடுத்துக்கொண்டே, உனக்கு இட்லி பிடிக்குமா தோசையா என்று பிள்ளையைக் கேட்டார். யாழினி பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டார். அப்போதும் பதில் இல்லை. முகத்துக்கு நேரே வந்து கேட்டதும், தோசை என்றாள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “வாதமா பித்தமான்றத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல காதக் காட்டுங்க. இந்தக் கொழந்த உங்க வாயப் பாத்துத்தான் பேசிக்கினு இருக்குது.”

யாழினியை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். அவள் அடிக்கடி ‘இன்னாம்மா?’ என்று கேட்பதை, வீட்டில் தமிழ், பள்ளியில் ஜெர்மன் என்று இரண்டு மொழிக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளையின் குழப்பம் என்றே அங்கே எல்லாரும் எடுத்துக்கொண்டோம். கிண்ணத்தின் ஓசை அவளுக்கு மட்டும் முன்னாடியே அடங்கிப்போயிருக்கும். மற்றவர்கள் கண் திறந்துவிட்டார்களா என்று பார்க்காமல் அவள் என்ன செய்வாள்?

சென்னையில் காது டாக்டர் பார்த்துவிட்டு, விடாத சளியால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அண்ணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சின்ன சிகிச்சைதான், நீரை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பாயில் படுத்த யாழினி அண்ணாந்து பார்த்து, “அத்தே, இந்த ஃபேனு பேசுது” என்றாள். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அந்த ஆயுர்வேத டாக்டரைப் போய்ப் பார்த்தோம். வாதம் தூக்கலான உடம்புதான், அந்த யோகா அம்மா சொன்னது தப்பில்லை என்றார். வேளைக்குச் சூடான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், எண்ணெய்க் குளியல் எல்லாம் தொடரட்டும். ஆனால் வாதம், பித்தம், கபம் மூன்றும் கலந்துதான் எந்தப் பிள்ளையும், ஒரு பேரை ஒட்டிவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடக்கூடாது என்றார். தியானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள், சும்மா உட்கார்ந்து காதில் விழுவதைக் கேட்கட்டும், அது போதும்.

ஜெர்மன் ஆசிரியையிடம் இந்த முறை சொல்லவேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாழினி தன் வகுப்புப் பிள்ளைகளோடே மேல்வகுப்புக்குப் போனாள்.

இப்போது மாலையில் நான் சமைக்கும்போது அவள் சமையலறைத் தரையில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். நேற்று கீழ்வீட்டுக்காரம்மா வந்து ஜெர்மனில் ஏதோ கேட்டுப் போனார். பிறகு அண்ணி போன் செய்தாள். பேசி முடித்ததும் யாழினி கண் திறக்காமலே கேட்டாள்: “அம்மா, ஜெர்மன் பேசுனா ஒன் கொரலு சின்னதாப் பூடுது. அத்தகிட்ட பேசுனா பெருசாயிடுது. எது ஒன்னோட கொரலு?”

இரண்டும் என்னுடையதுதான் என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. நான் அடுத்து எந்தக் குரலில் பேசப்போகிறேன் என்று, மூடிய கண்ணோடு காத்திருந்தாள்.