சைபரும் காலிக் கட்டமும்

தொண்ணூறுகளின் நடுவில் இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் ஏதோ சந்நிதிக்குள் போவது போலத்தான். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், சத்தமாகப் பேசக் கூடாது. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்த பங்காளி கீபோர்டை லேசில் விடுகிற ஆள் இல்லை. முழங்கையால் இடித்துத்தான் என் முறையை வாங்குவேன். சும்மா விட முடியுமா? அந்த வகுப்புக்கு ஃபீஸ் கட்டியவள் என் அக்கா. பேண்டேஜ் கம்பெனியில் நாளெல்லாம் துணி உருட்டிக் கட்டிய காசு அது.

ஸ்ப்ரெட்ஷீட் பாடம் வந்த அன்று நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. எண்களை வரிசையாக அடித்தேன். பிறகு பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துக் கூட்டி, வந்த விடையைக் கீழே அடித்தேன். சார் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, கூட்டுறதுக்குத்தான இது இருக்கு!” வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரத்துக்குள் ஃபார்முலா எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டேன்.

சராசரி கண்டுபிடிக்கச் சொன்ன நாளில்தான் அது நடந்தது. ஐந்து பேர் மார்க்கைக் கொடுத்தார். அதில் ஒருத்தன் பரீட்சைக்கு வரவில்லை. நான் அவன் கட்டத்தில் சைபர் போட்டேன். பக்கத்து மெஷின்காரி காலியாக விட்டுவிட்டாள். அவளுக்குச் சராசரி கூடுதலாக வந்தது, எனக்குக் குறைந்து போயிற்று. சார் சொன்னார்: “சைபரும் ஒரு எண்தாம்மா, அதையும் சேர்த்து வகுக்கும். காலியா விட்டா அந்த ஆளையே கணக்குல எடுக்காது.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் திரும்பி வந்து அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அப்படிச் சிரித்தாள். “நல்ல மெஷினுட்டி! கஷ்டப்பட்டு வந்து முட்டை வாங்குனவன் கெடுத்தவன், வீட்ல படுத்துத் தூங்குனவன் நல்லவனாக்கும்!”

வகுப்பு முடிந்த கையோடு அவளுடைய கம்பெனியிலேயே எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, அதைத் தொட ஆளில்லாமல் இருந்தார். ஷெட்டில் பெண்கள் ஒவ்வொருவரும் அன்றன்று எத்தனை டஜன் உருட்டினார்கள் என்று நான் ஏற்ற வேண்டும். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கதவருகே வந்து நிற்பாள். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பாள். “எம்பேரு எங்கட்டி இருக்கு?” காட்டுவேன். இருபது டஜனுக்குக் குறைந்து அவள் உருட்டிய நாளே இல்லை. தன் பேருக்கு நேரே இருக்கும் எண்ணைச் செத்த நேரம் பார்த்துவிட்டுப் போவாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு இருமல் வந்தது. முதலில் எல்லோருக்கும் வருகிற பஞ்சு இருமல் என்றுதான் நினைத்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது என்றார். விலை கூடின மாத்திரைகள். கம்பெனி வேலை இருந்ததால் ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது, கார்டு இருந்ததால் மாத்திரை சும்மா கிடைத்தது. அம்மா காட்டு வேலைக்குப் போய்க் கொண்டுவருவதில் அந்த மாத்திரை ஒரு அட்டைகூட வாங்க முடியாது.

அந்த நேரம் பார்த்து ஆர்டர் குறைந்தது. ஆளைக் குறைக்க வேண்டும் என்றார் முதலாளி. அந்த அரை வருஷம் முடியும்போது சராசரி பதினைந்து டஜனுக்குக் கீழே போகிறவர்களை நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். லிஸ்ட் எடுக்க வேண்டியவள் நான்.

அக்கா முடியாத உடம்போடு தினமும் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் ஏழு டஜன், ஒரு நாள் ஐந்து. ஒவ்வொன்றையும் அடித்து என்டர் தட்டும்போதெல்லாம் ஓரத்தில் அவள் சராசரி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். பதினைந்தை ஒட்டி வந்து நின்றது. டாக்டர் சீட்டோடு எடுக்கும் லீவு நாளைக் காலியாக விடலாம் என்று மேனேஜரே சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். “அக்கா, நீ இனிமே வர வேண்டாம். சீட்டு வாங்கி லீவு போடு. வந்து அஞ்சும் ஆறும் உருட்டுனாத்தான் குறையுது. வராட்டி அப்படியே நிக்கும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நான் இல்லாட்டித்தான் எனக்கு நல்லதுங்கே.”

“கணக்கைத்தான் சொல்லுதேன்” என்று எரிந்து விழுந்தேன். நான் சொன்னதில் தப்பில்லை.

லீவு போட்டாள். வாரக்கணக்கில் அவள் பேருக்கு நேரே வெறும் கட்டங்களாகவே போயிற்று. நான் வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்: “இன்னைக்கும் காலிதான?” ஆமாம் என்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் ஷெட்டில் சலசலப்பு கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா. அம்மா காட்டுக்குப் போனதும் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். தன் பழைய இடத்தில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெண் தண்ணீர் கொடுக்க, குடித்துவிட்டு மறுபடி உருட்டினாள். சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்து ஆபீசுக்கு வந்தாள். அன்றைக்கும் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“நாலு டஜன். போடுட்டி.”

“அக்கா, பதினஞ்சுக்குக் கீழ போயிரும். கார்டு போயிரும்.”

“போடு. நான் வந்தேன்ல?”

போட்டேன். அவள் குனிந்து திரையில் அந்த நாலைப் பார்த்தாள். சிரித்தாள். அவ்வளவு நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் சைக்கிளில் உட்கார வைத்து அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார்.

மேனேஜர் என் பின்னால்தான் நின்றிருக்கிறார். பதினாலு சொச்சம் என்று காட்டிய சராசரியை அவரும் பார்த்துவிட்டார். சொன்னார்: “சீட்டு இருக்குல்லம்மா. இந்த ஒரு நாளைக் காலியா விட்ரு. கூலியை நான் கையில தந்துருதேன்.” நல்ல மனிதர். அழுதுகொண்டே டெலீட்டைத் தட்டினேன். சராசரி பழையபடி பதினைந்துக்கு மேலே ஏறிக்கொண்டது.

வீட்டில் அவள் அம்மாவிடமும், அடுத்த வீட்டுக்காரியிடமும், பார்க்க வந்த எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “எந்திரிக்க முடியாமத்தான் போனேன், நாலு டஜன் உருட்டிட்டேன். வேணும்னா இவள்ட்ட கேளுங்க, கம்ப்யூட்டர்ல இருக்கு.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இருக்கு என்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை அவள் போய்விட்டாள். வேலை போகவில்லை, கார்டும் போகவில்லை. தலைமாட்டில் மாத்திரை அட்டைகள்கூட மிச்சம் இருந்தன. அவள் வந்த அந்த ஒரு நாள்தான் எங்கேயும் இல்லை.