யானை ஆவுற சிரப்பு

ஏய், ஒக்காருங்கப்பா, பேச்ச நிறுத்துங்க! மெடிக்கல் ஷாப்புல நிக்கறவனுக்கு மருந்து பேரு தெரிஞ்சா மட்டும் பத்தாது, நடிக்கவும் தெரியணும். சுங்குவார்சத்திரத்துல நான் அதத்தான் பண்ணிக்கினு இருந்தேன். கவுண்டர்ல நின்ன உங்களுக்கும் இந்தக் கூத்துலாம் நடந்திருக்கும்.

நாலு மூலைக்கும் புஸ்ஸு

புதுசா கம்பெனிங்க வந்த நேரம். கம்பெனி லைன்ல வேலை பாக்குற ஒருத்தரு, புள்ளைக்கு இளைப்புன்னு இன்ஹேலர் வாங்கினு போனாரு. மறுநாளே மூஞ்ச தூக்கிக்கினு வந்துட்டாரு. "எப்டி சார் அடிச்சீங்க?"ன்னேன். நடிச்சே காட்டுனாரு. ஜன்னல சாத்திட்டு, ரூம் நாலு மூலைக்கும் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிருக்காரு! வாயில வெச்சு இழுக்கணும்னு யாருமே சொல்லல, நானுந்தான். அவரு என்னியே கேக்குறாரு: "இன்னா மருந்துபா குட்த்த? புள்ளைக்கு இளைப்பும் நிக்கல, ஒரு கொசுவும் சாவல!"

தும்பிக்கை

திருநெல்வேலி பக்கத்துலேருந்து வந்த ஒரு அக்கா. அவங்க மூணு வயசுப் பொண்ணு, சளி சிரப்பப் பாத்தாலே வாய இறுக்கிக்கும். வுடுவனா நானு? கைய தும்பிக்கையா ஆட்டி, "பாப்பா, இத குடிச்சா யானை ஆயிடுவ!"ன்னு பிளிறிக் காட்டினேன். கடையிலயே ஒரு மூடி குடிச்சிட்டு சிரிச்சிக்கினே போச்சு.

மறுநாள் மத்தியானம் அந்தக்கா கொயந்தைய தோள்ல போட்டுக்கினு ஓடியாந்தாங்க, கையில காலி பாட்டிலு. "அண்ணாச்சி, பூராத்தையும் குடிச்சிட்டா! கண்ண முழிக்க மாட்டுக்கா! உப்புத்தண்ணி குடுக்கட்டா?"

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, பொரை ஏறிடும்! பாட்டில பத்திரமா எடுத்துக்கோங்க!"ன்னு ஆட்டோ புட்ச்சேன். ஸ்ரீபெரும்புதூர் வரிக்கும் கொயந்த நெஞ்சையே பாத்துக்கினு போனேன். ஒரு மூச்சு வுட்டா, அடுத்தது எப்ப வரும்னு காத்துக்கினு இருக்கணும். ஆஸ்பத்திரில டாக்டரு பாட்டிலப் பாத்தாரு, ஒடனே வேலைய ஆரம்பிச்சிட்டாரு, ஆக்சிஜன் வெச்சாங்க.

சாயங்காலம் கண்ணு முழிச்சிச்சு. மொத வேலையா மூக்கத் தடவிப் பாத்துட்டு என்ன மொறைக்குது: "மாமா, தும்பிக்கை இன்னும் வரல!"

ஒரு கேள்வி

அந்தக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்கப்பா. அதான் கேக்குறேன், நான் மட்டும் அந்தக் கடையில இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?

மூலையில ஒக்காந்திருந்த செல்வி, என்கூடவே கவுண்டர்ல நின்ன பொண்ணு, நாள் பூரா நாலு வார்த்த பேசாது, அது தலைய நிமித்துச்சு.

"பாப்பா ஒரு சொட்டு கூட குடிச்சிருக்காதுண்ணே."