நெஸ்டாவும் கேட் இல்லாத கல்லறைத் தோட்டமும்

வேல்ஸ் மலைப்பகுதியில் இருக்கிற எங்கள் கும்ஹெலிகனில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதனால் ஆளைத் தொழிலோடு சேர்த்துத்தான் கூப்பிடுவது. பால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், சவப்பெட்டி ஜோன்ஸ். நான் மருந்துக்கடை. இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன், என் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எதிர்வீட்டு நெஸ்டா ப்ராசர் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். நியாயமாக அவர் ‘சாப்பாட்டு நெஸ்டா’வாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஊர் வைத்த பெயர் கடுதாசி நெஸ்டா.

கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு கடிதம், எரிந்ததும் கண் ரொம்பக் கூசுகிறது என்று இன்னொரு கடிதம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தியபோது வாரம் ஒன்று வீதம் ஐந்து மாதம் எழுதினார். குப்பை வண்டி மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று அறிவித்த அன்று மட்டும் ஒரே நாளில் நான்கு. அதில் தப்பே இல்லை. மலையிலிருந்து இறங்கி வரும் ஆடுகள் குப்பைப் பையைக் கிழிப்பதில் கைதேர்ந்தவை. திங்கட்கிழமை யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பதைத் தெருவே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஊருக்குள் மணிக்கு இருபது மைல் வேகத்துக்கு மேல் கார் ஓட்டக் கூடாது என்ற உத்தரவு வந்தபோது ஊரே கொதித்தது. நெஸ்டா மட்டும் பாராட்டி எழுதினார். ஊர் எதிர்க்கிறது என்பதே அவருக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்கள் வரும். ஆனால் எந்தப் பதிலிலும் ஒரு மனிதர் பெயர் இருக்காது. கீழே ‘வாடிக்கையாளர் சேவைக் குழு’ என்று அச்சடித்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து இருமல் மருந்து வாங்க நிற்பவர்களிடம் காட்டுவார்.

“பாரு. குழுவுக்கு ஏது கை? கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணாமா? முப்பத்தொரு வருஷம் சமைச்சேன். உப்பு கூடிப்போனா நான்தான் போட்டேன்னு போய் நின்னு சொல்லியிருக்கேன். ‘சமையல் சேவைக் குழு’ன்னா சொன்னேன்?”

நான் சிரிப்பேன். வேறென்ன செய்ய? எனக்கு நெஸ்டாவைப் பிடிக்கும். ஆனால் அவர் வாயில் விழ எனக்குப் பயம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட் விவகாரம் ஜனவரியில் ஆரம்பித்தது. எங்கள் கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. சுற்றிலும் கல்சுவர், ஓர் இரும்பு கேட். ஒரு நாள் கவுன்சில் லாரி வந்து கேட்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனது. கீல் துருப்பிடித்துவிட்டது, ஆள்மேல் விழுந்தால் ஆபத்து என்றார்கள். சரிதான். எடுத்துப் போன கேட் திரும்பி வரவில்லை. ஆடுகள் வந்தன.

கல்லறைத் துறைக்கு எழுதினார் நெஸ்டா. கேட் சாலையைப் பார்த்துத் திறப்பதால் அது சாலைத் துறையின் பொறுப்பு என்று பதில். சாலைத் துறைக்கு எழுதினார். கேட் சுவரில் மாட்டியிருந்ததால் அது பூங்காத் துறை. பூங்காத் துறைக்கு எழுதினார். அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும், ஆடுகள் தனியார் சொத்து என்று பதில். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம்: டாஃபடில் பூவை ஆடு தின்பதில்லை, எனவே பொதுமக்கள் கல்லறைகளில் டாஃபடில் வைக்கலாம்.

நெஸ்டாவுக்கு அந்தப் பிரசுரம்தான் தாங்கவில்லை. காரணம் இட்வல். பஸ் ஓட்டுநராக இருந்த அவர் கணவர். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மெதுவான மனுஷன், ஓடி வருகிறவர்களுக்காக பஸ்ஸை நிறுத்தி வைப்பவர். அவருக்கு டாஃபடில் ஆகாது. மார்ச் மாதம் ஊரே மஞ்சளாகிவிடுகிறது, பார்க்கப் பார்க்கப் பல் கூசுகிறது என்பார். பின்கட்டுத் தொட்டிகளில் சிவப்பு டூலிப் மட்டும்தான் வளர்ப்பார். சாவதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் அவர் கையால் புதைத்த கிழங்குகள் அவர் போன பிறகு பூத்தன. டூலிப் வருஷா வருஷம் சோர்ந்து போகும். முதல் வருஷம் பதினேழு. இந்த வருஷம் ஒன்பதுதான் வந்தன. அடுத்த வருஷம் வருமோ என்னவோ.

அந்த ஒன்பதும் மலர் ஞாயிறு அன்று அவர் கல்லறையில் நிற்க வேண்டும். நெஸ்டாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். சனிக்கிழமையே வாளியும் தேய்க்கிற பிரஷுமாக எல்லோரும் மேலே ஏறிக் கல்லைக் கழுவிப் பூ வைத்துவிட்டு வருவோம். ஞாயிறு காலை குடும்பத்தோடு போய்ச் சுற்றிப் பார்ப்போம். யார் வீட்டுக் கல் அழுக்காக இருக்கிறது என்றும் பார்ப்போம், அதை மறைப்பானேன்?

மார்ச் மாதக் கவுன்சில் கூட்டத்துக்கு நெஸ்டா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பொதுமக்கள் கேள்வி கேட்க மூன்று நிமிஷம். எங்கள் பகுதி கவுன்சிலர் கெத்தின் ப்யூ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நெஸ்டா கையால் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தினான்.

“கேட்டைக் கழட்டினது யாரு?” என்றார் நெஸ்டா.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “மேடம், அது ஒரு தீர்மானத்தின் அடிப்படையில் எடுக்கப்பட்டது.”

“தீர்மானம் தானா மலையேறி வந்து ஸ்க்ரூவைக் கழட்டிச்சா?”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

“திரும்ப மாட்ட வேணாம்னு முடிவு பண்ணியிருக்கீங்க. முடிவு பண்ணினா யாரோ கை தூக்கியிருக்கணும். எந்தக் கைன்னு சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்.”

“அது குழுவின் கூட்டு முடிவு, மேடம். நேரம் முடிந்தது.”

வெளியே வரும்போது கெத்தின் ஓடி வந்தான். “ஆன்ட்டி, நான் விஷயத்தை எடுத்துட்டுப் போறேன்.”

“எங்கப்பா எடுத்துட்டுப் போற? கேட்டையும் அப்படித்தான் எடுத்துட்டுப் போனாங்க.”

அவன் முகம் சிவந்தது. பாவம் என்று நினைத்தேன். அவனுடைய அம்மாவும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

மலர் ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்னால் நெஸ்டா வேறு முடிவுக்கு வந்தார். மாடியில் சும்மா கிடந்த பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைக் கழற்றினார். எங்கள் பக்கத்தில் கட்டில் கம்பியை வேலிக்கும் கதவுக்கும் வைப்பது புதிதில்லை, பாதிப் பேர் காய்கறித் தோட்டம் அப்படித்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு மெர்வினும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு மலையேறினோம். மெர்வினுக்கு அறுபத்தெட்டு, முழங்கால் சரியில்லை. எனக்கு முழங்கால் சரியாக இருந்தும் தூக்கத் தெம்பில்லை. நெஸ்டா முன்னால் நடந்துகொண்டே எங்களை வேலை வாங்கினார்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஊரில் பாதி மேலே இருந்தது. கல் தேய்க்கிற சத்தம், தண்ணீர் சுமக்கிற முனகல், ஒருவர் பிரஷை இன்னொருவர் கடன் வாங்குவது. கட்டில்தலைமாட்டு கேட் வருகிறது என்ற தைரியத்தில் அந்த வருஷம் டாஃபடிலை ஒருவரும் சீந்தவில்லை. ரோஜா, கார்னேஷன், டூலிப் என்று எல்லாம் நல்ல பூக்கள். மோர்வித் அம்மாள் தன் தாயாருக்குக் கார்டிஃபிலிருந்து வெள்ளை ரோஜா வரவழைத்திருந்தார். கெத்தின்கூட வந்து அம்மா கல்லைக் கழுவி இளஞ்சிவப்பு கார்னேஷன் வைத்துவிட்டுப் போனான். நெஸ்டா மூன்றாவது வரிசையில் மண்டியிட்டு ஒன்பது டூலிப்பையும் நட்டு வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, ஒன்றைத் திருப்பி வைத்தார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் இறங்கினார்கள். வாசலில் நின்று நெஸ்டா ஒவ்வொருவராக எண்ணினார். யாரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாதாம். பிறகு தலைமாட்டை நிறுத்தி நீல நைலான் கயிற்றால் இறுக்கினார்.

“உள்ள ஒரு சுத்து பார்த்துட்டு வரட்டுமா?” என்றான் மெர்வின்.

“எதுக்கு? அதான் எண்ணியாச்சே. எல்லாரும் வெளிய வந்தாச்சு. உன் முழங்காலை வச்சுக்கிட்டு நீ சுத்திட்டு வர்றதுக்குள்ள டீ ஆறிடும். நட.”

நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். சமையலறையில் மாவு மூட்டை கட்டிய கை. முடிச்சு அசையவே இல்லை.

எங்கள் ஊரில் ஆட்டை யாரும் கவனிப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும், கடை வாசலில் படுத்திருக்கும், கார் வந்தால் நம்மைப் பார்க்கும். தெருவில் நாற்காலி கிடந்தால் அதைக் கவனிப்போம், ஆடு கிடந்தால் கவனிக்க மாட்டோம். அன்று மதியம் முழுக்க மேல்மூலையில், பெரிய யூ மரத்துக்குப் பின்னால் பதினோரு ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. ஐம்பது பேராவது பார்த்திருப்போம். நானும் பார்த்தேன். என் வாளியைக்கூட ஓர் ஆட்டுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் மூவரும் முதலில் ஏறினோம். கட்டில் கம்பிகளுக்குப் பின்னால் பதினோரு முகங்கள் வரிசையாக நின்று, கதவைத் திறப்பார்களா என்று எங்களைப் பார்த்தன. வயிறு ஒவ்வொன்றுக்கும் பீப்பாய் மாதிரி இருந்தது. ஒன்றின் வாயோரத்தில் இன்னும் ஒரு வெள்ளை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

மெர்வின்தான் முதலில் சிரித்தான். பிறகு நானும். அடக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நெஸ்டா சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். ஆடுகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக வெளியேறின. உள்ளே பச்சைத் தண்டுகள் மட்டும் நின்றன. எந்தக் கல்லிலும் ஒரு பூ இல்லை.

“கவுன்சில்தான் காரணம், கேட் இருந்திருந்தா இது நடக்குமா?” என்றேன். அப்படித்தான் ஊரும் சொல்லும், சொல்வதற்கு நியாயமும் இருக்கிறது. அவருக்கு ஒரு வழி காட்டுவதாக நினைத்தேன்.

“கயித்தைக் கட்டினது கவுன்சிலா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சர்ச்சுக்கு முன்னால் ஜனங்கள் ஏறி வர ஆரம்பித்தார்கள். நல்ல உடை, குழந்தைகள், கேமரா. நெஸ்டா வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திச் சொன்னார்.

“உங்க பூவெல்லாம் போச்சு. ஆட்டை உள்ள வச்சுக் கட்டிட்டேன். பார்த்துட்டு வரட்டுமான்னு மெர்வின் கேட்டான், நான்தான் வேணாம்னேன். தப்பு என்னோடது.”

முப்பத்தேழு தடவை. பக்கத்தில் நின்றிருந்த நான் எண்ணினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் தோளைத் தட்டினார்கள். மோர்வித் அம்மாள் தட்டவில்லை.

“கவுன்சிலைப் பேசின பேச்சென்ன, இப்ப நீ பண்ணியிருக்கிறது என்ன? எங்கம்மாவுக்கு இந்த வருஷம்தான் வெள்ளை ரோஜா வச்சேன்.”

“ஆமா மோர்வித். நான்தான்.”

மோர்வித் முறைத்துவிட்டு உள்ளே போனார்.

கடைசியாகக் கெத்தின் வந்தான். அவனுக்கும் அதே வாக்கியம். “உங்கம்மா பூவும் போச்சு கெத்தின். கட்டினது நான். பேரு நெஸ்டா ப்ராசர். வேணும்னா எழுதிக்கோ.”

அவன் கட்டில்தலைமாட்டைப் பார்த்தான். உள்ளே எட்டி அம்மாவின் கல்லைப் பார்த்தான். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

“ஆன்ட்டி, அன்னைக்குக் கேட்டீங்களே, எந்தக் கைன்னு. நாலு பேர் வேணும்னாங்க, நாலு பேர் வேணாம்னாங்க. கடைசியில கை தூக்கினது நான். கேட் இல்லாட்டி என்ன ஆகிடப் போகுதுன்னு நினைச்சேன்.”

“இதைக் கேக்கத்தாண்டா மூணு மாசமா எழுதிக்கிட்டு இருக்கேன்” என்றார் நெஸ்டா. குரலில் கோபம் இல்லை. அவன் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “போ, அம்மாவைப் பாரு” என்று உள்ளே அனுப்பினார். புது கேட் அடுத்த வாரமே வந்தது. எந்தத் துறை அனுப்பியது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் நெஸ்டா மூன்றாவது வரிசைக்குப் போனார். அதுவரை அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நாலடி பின்னால் நின்றேன். கழுவின கல் பளிச்சென்று இருந்தது. முன்னால் ஒன்பது தண்டுகள், ஒரே உயரத்தில் கடிபட்டிருந்தன.

முப்பத்தேழு பேரிடம் தடுமாறாமல் சொன்ன ஆள். இங்கே கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“நான்தான், இட்வல்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். நெஸ்டா குனிந்து ஒரு தண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை. ஒன்பதையும் தின்னுட்டுதுங்க. அவ்வளவு நல்லா வளர்த்திருக்க நீ.”