மூன்றாவது பிளேடின் இடது காது

ஹெலிகாப்டர் தொழிற்சாலையில் அவளை ‘பொறுங்க மேடம்’ என்றால்தான் தெரியும். எந்த வரைபடத்தை நீட்டினாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தப் ‘பொறுங்க’தான். மேலே சுழலும் பிளேடுகளை நடுத்தண்டின் தலையோடு இணைக்கும் பாகங்களை வடிவமைப்பது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. சுழலும்போது ஒவ்வொரு பிளேடும் இருபது டன் இழுவிசையோடு பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அதன் அடியில் இருக்கும் இரண்டு உலோகக் காதுகளும், அவற்றில் நுழைந்த போல்ட்டுகளும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன.

புது ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறக்கவிருந்த காலை. ஓட்டப்போகிறவன் அவள் கணவனின் தம்பி. கேன்டீனில் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அண்ணி, உங்க காதை நம்பித்தான் ஏறுறேன்” என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது மணி நேரத் தரைச் சோதனையில் மூன்றாவது பிளேடின் இடது காதில் விசையை அளக்க ஒட்டியிருந்த கருவி குறைந்த அளவைக் காட்டியிருந்தது. ஒயர் கோளாறு என்று தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இப்போது மனம் கேட்கவில்லை. கணினியில் அந்த அளவின் வரைகோட்டைத் திறந்தாள். ஒயர் அறுந்தால் கோடு ஒரேயடியாக விழும். இது மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. வலது காதின் கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். இடது இழந்த அளவெல்லாம் வலதில் ஏறியிருந்தது. இடது காது விரிசல் விட்டிருக்கிறது.

ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. வெளியே பிளேடுகள் சுழல ஆரம்பித்துவிட்டன.

படிகளில் தடதடவென்று இறங்கிக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, மைக்கைப் பிடுங்கினாள். “தம்பி, தூக்காதே!”

தலைமைப் பொறியாளர் எழுந்துவிட்டார். “யாரைக் கேட்டு நிறுத்துறீங்க? பார்க்க வந்தவங்க எல்லாம் வெளியே உக்காந்திருக்காங்க!”

“மூணாவது பிளேடு விட்டுடும் சார்.”

“நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“நான்தான். தப்பாப் போட்டுட்டேன்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “நிஜமாவா அண்ணி?”

“நிஜமாத்தான்ப்பா. அணைச்சிடு.”

இஞ்சின் அடங்கியது. ஆனால் பிளேடுகள் உடனே நிற்குமா? வட்டமாகத் தெரிந்த நிழல் மெல்ல மெல்ல நான்காகப் பிரிந்தது. மூன்றாவதின் நுனியில் மஞ்சள் பட்டை. அது ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அவள் எண்ணினாள். பட்டை அசையாமல் நின்ற பிறகுதான் மைக்கைக் கீழே வைத்தாள்.

மதியம் போல்ட்டைக் கழற்றி, காதில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்துப் பார்த்தார்கள். விரிசல் முடி அளவில் ஒரு சிவப்புக் கோடாகப் பாதிக் காதைச் சுற்றியிருந்தது. அது தொடங்கிய உள்மூலையில், போல்ட்டின் தலைக்கு இடம் வேண்டுமென்று வளைவைக் குறைத்தது அவளேதான். மூலை கூர்மையானால் அங்கேதான் உலோகம் விரியும்.

“உலோகத்துல குறைன்னு எழுதிடலாமே” என்றார் தலைமைப் பொறியாளர், தணிந்த குரலில். அவளோடு அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

“உலோகம் நல்லாத்தான் சார் இருக்கு. வளைவுதான் தப்பு. அது நான் போட்டது.”

ஒரு வருடத்துக்கு அவளுடைய கையெழுத்து செல்லாது என்று உத்தரவு வந்தது. அதை வாங்கிக்கொண்டு, காதை முதலிலிருந்து வரைந்தாள். ஏழு மாதம் கழித்து ஹெலிகாப்டர் பறந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் அவள் கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

கொழுந்தன் தலைக்கவசத்தோடு அவளைத் தேடிவந்தான். “அண்ணி, புதுக் காது மூணு கிலோ கூடுதலாமே? ஒண்ணும் தெரியலை.”

“அதிர்வு?”

“முன்பக்கம் லேசா இருக்கு.”

“எந்த வேகத்துல?” என்று கேட்டபடியே அவள் பேனாவைத் திறந்தாள்.