செருப்பைக் கழற்றினால் திறக்கும் கோட்டை

இன்று காலை ஃபெரி படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் கைப்பேசியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கோட்டை. கதவு திறக்கவில்லை.

"சாவி எல்லாம் எடுத்தாச்சு தம்பி, இன்னும் திறக்க மாட்டேங்குதுலா."

எட்டிப் பார்த்தேன். கோட்டை புதிது. ஆனால் வாசலில் இருந்த பூக்கடை எனக்குத் தெரிந்தது.

"செருப்பைக் கழட்டுங்கண்ணே."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரையில் நின்ற ஆளின் செருப்பைக் கழற்றினார். கதவு திறந்தது.

"எப்படி தம்பி தெரியும்?"

விளையாடுகிறவர்களே லெவல் கட்டிப் போடும் கேம் அது. அந்த லெவலை முதலில் கட்டியவள் என் தோழி தேவி. பாகான் டாலாமில் தன் வீட்டில் உட்கார்ந்து, லிட்டில் இந்தியா கோயில் தெருவை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்தாள். செருப்போடு கோயிலுக்குள் போக முடியாது என்பது அவள் வைத்த விதி. யாரோ அதை நகலெடுத்து, கோயிலைக் கோட்டையாக்கி, தன் பெயரைப் போட்டுக்கொண்டான். செருப்பு எதற்கென்று புரியாததால், பூக்கடையோடு அதையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறான்.

தேவி புகார் செய்தாள். "படைப்பாளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் உத்வேகம் பெறுவதை வரவேற்கிறோம்" என்று கேம் கம்பெனி பதில் போட்டது. நகல் இன்றும் கேமின் முதல் பக்கத்தில் இருக்கிறது. விளம்பரமும் அதில்தான் ஓடுகிறது.

'உங்கள் உலகத்தை நீங்களே கட்டுங்கள்' என்கிறார்கள். கூலி இல்லாமல் ஆள் பிடிக்க இதைவிட நல்ல வாசகம் கிடையாது.

இறங்கும்போது அண்ணன் கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப என்ன செய்யுது?"

"அடுத்த லெவல் கட்டுதுண்ணே. அதே கேம்லதான்."

இதில் நான் யாரைத் திட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.